தனுஷ்கோடி போனால் அந்த மணல் ஊற்றையும் பாருங்கள்

மதுரைப் பயணி
சனி, காலை 7:40

போன வாரம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போய்வந்தேன். எனக்கு இது நான்காவது தடவை. முன்பு போனபோதெல்லாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அரிச்சல்முனையில் அசோகத் தூண் பக்கத்தில் வண்டியை நிறுத்துவது, ஆண்கடல், பெண்கடல் என்று சொல்லும் இரண்டு பக்கத்துக் கடலும் சேரும் இடத்தில் போட்டோ, திரும்பும் வழியில் இடிந்த சர்ச்சுக்குள் ஒரு சுற்று, பொரித்த மீன், அவ்வளவுதான்.

இந்தத் தடவை பழைய ஊருக்குள் நடந்துகொண்டிருக்கும்போது மகளுக்குத் தாகம். கையில் இருந்த பாட்டில் காலி. சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா, "வா பாப்பா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சர்ச்சுக்குப் பின்னால் தாழம்புதர் தாண்டி மணலில் ஒரு பள்ளம். முழங்கால் ஆழம்கூட இருக்காது. மேலே ஓலை மூடியிருந்தது. ஓலையை விலக்கிச் சிரட்டையால் மேலாக அள்ளி, குடத்தில் துணி வைத்து வடிகட்டி, சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். உப்பு இல்லை. இந்தப் பக்கம் நூறு தப்படி நடந்தால் கடல், அந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். நடுவில் இளநீர் மாதிரி தண்ணீர்.

அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அது ஊரின் நடு. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, சர்ச் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள்தான் இப்போது பாதி பாதியாக நிற்கின்றன. அந்தச் சுவர்களைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம் வருகிறது. புயலுக்குத் தப்பிய ஒன்று அங்கே காலடியில் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றியது. கல்லெல்லாம் போய்விட்டது, தண்ணீர் நிலைத்துவிட்டது.

இந்த ஊற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள்.

போட்மெயில் பிரியர்
சனி, காலை 9:15

நல்ல இழை. ரயில் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் தனுஷ்கோடி பெரிய ஊரானது. எழும்பூரில் ஏறினால் நேராகத் தனுஷ்கோடி. இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். அதனால்தான் போட் மெயில் என்று பெயர். கப்பலுக்காகக் காத்திருக்கும் கூட்டம், கருவாட்டு மூட்டை, தபால் பை, சுங்க அதிகாரிகள் என்று ஊர் இரவிலும் விழித்திருந்தது.

நீங்கள் பார்த்த இடிபாடுகளில் ரயில்வேயின் தண்ணீர்த் தொட்டிக் கட்டடமும் ஒன்று. நிறைய பேர் அதை ஏதோ பழைய வீடு என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். நீராவி எஞ்சினுக்குக் கரியைவிடத் தண்ணீர் முக்கியம். அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புநீர் ஊற்றினால் பாய்லர் உள்ளே உப்புப் படிந்து அரித்துப்போகும். நாலு பக்கமும் கடல் தெரியும் கடைசி ஸ்டேஷனில் நல்ல தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்பதே அந்த ஊரின் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

புயல் இரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டுவதற்குள் அலையில் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் உடைந்தது. கடலில் விழுந்த இரும்புக் கர்டர்களைத் தேடி எடுத்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் அமைத்தாரே, அதே ஸ்ரீதரன்தான். ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்ப வரவே இல்லை. மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து ரயில் ராமேஸ்வரத்தோடு நிற்கிறது.

வார இறுதி ரைடர்
சனி, காலை 10:02

சூப்பர் தகவல். அந்த ஊத்து சரியாக எங்கே இருக்கு? மேப் லிங்க் போட்டால் நாங்கள் எட்டுப் பேர் அடுத்த வாரம் பைக்கில் போகிறோம், பார்த்துவிட்டு வருவோம்.

மதுரைப் பயணி
சனி, காலை 10:30

தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், லிங்க் போட மாட்டேன். அது அங்கே இருப்பவர்கள் சோறு வடிக்கும் தண்ணீர். ஒரு பள்ளத்தில் ஒரு நேரத்துக்கு ஊறுவது சில குடம்தான். அங்கே கடை போட்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், ஏதாவது வாங்குங்கள், தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். அவர்களே கூட்டிப்போவார்கள். அப்படிப் போவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

நீரியல் மாணவி
சனி, மதியம் 1:20

கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். என் படிப்பே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. இந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாம். வடகிழக்குப் பருவத்தில் மழை பெய்கிறது. தனுஷ்கோடி மணல் அதை ஓடவிடாமல் அப்படியே குடித்துவிடும். கீழே மணலுக்குள் ஏற்கெனவே இரண்டு பக்கத்துக் கடலும் கசிந்து நிற்கிறது. மழைநீர் லேசானது. அதனால் உப்புநீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. மணல் இடைவெளிகளுக்குள் அலையடிக்காததால் இரண்டும் அவ்வளவு சீக்கிரம் கலப்பதில்லை. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, சட்டியில் கிடக்கும் ஆப்பத்தைப் போல ஒரு நல்ல தண்ணீர்ப் படலம் கிடக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்துக்காரர் கைபனும் ஜெர்மன்காரர் ஹெர்ஸ்பெர்க்கும் நூறு வருஷத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். தனுஷ்கோடி மாதிரி ஒடுங்கிய மணல்திட்டில் அந்த அளவுக்குத் தடிமன் கிடைக்காது. ஆனால் விகிதம் என்னவோ அதேதான். இதைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். மோட்டார் போட்டு இழுத்தால் கதை முடிந்தது. சிரட்டையால் மேலாக அள்ளுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த அக்கா கையால் செய்கிறார்.

தங்கச்சிமடத்துக்காரன்
சனி, மாலை 5:45

எங்க ஊரு வில்லூண்டித் தீர்த்தத்தை யாரும் சொல்லவே இல்லையே. ராமேஸ்வரத்துக்கு ஏழு கிலோமீட்டர் முன்னாடி, தங்கச்சிமடத்துல இறங்கி வடக்க போனா கடலுக்குள்ள ஒரு கிணறு. சின்ன நடைபாலம் வழியாப் போகணும். சுத்தியும் கடல்தண்ணி, கிணத்துக்குள்ள மட்டும் குடிக்கிற தண்ணி. சீதைக்குத் தாகம் எடுத்தப்ப ராமர் வில்லை ஊன்றின இடம்னு நம்புறோம். என் பாட்டன் காலத்துலேர்ந்து எங்க வீட்டுல நல்லது கெட்டதுக்கு அங்கேர்ந்து ஒரு சொம்பு தண்ணி வந்தாகணும்.

நீரியல் மாணவி தங்கச்சி, உங்க கணக்கை நான் மறுக்கல. தரைக்கு அடியில நல்ல தண்ணி கடல் பக்கமா அழுத்தத்தோட போறப்ப, வழியில கிணறு இருந்தா அதுல ஏறி நிக்கும்னு எங்க பள்ளிக்கூட வாத்தியாரே சொல்லியிருக்கார். எங்களுக்கு இரண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல.

எனக்கு இருக்கிற வருத்தம் வேற. தீவுல வருஷத்துக்கு வருஷம் போர்வெல் பெருகிக்கிட்டே போகுது. நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்க தோட்டத்துக் கிணத்துல தென்னைக்கு இறைச்சு, குடிக்கவும் எடுத்தோம். பக்கத்துல ஒரு விடுதி வந்துச்சு. பேர் வேணாம். ராத்திரியும் பகலும் மோட்டார். மூணாவது வருஷம் எங்க கிணறு உப்புக்கரிச்சுச் சவராப் போச்சு. தென்னை இன்னும் நிக்குது, நாங்க குடிக்கிறது லாரித் தண்ணி. கடல் வந்து கெடுத்தா ஆறுதல் சொல்லிக்கலாம். இதுக்கு யார்கிட்ட சொல்றது?

கம்பிப்பாட்டு மகள்
சனி, இரவு 10:50

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். நான் தனுஷ்கோடி கம்பிப்பாட்டுல பிறந்தவ. இப்ப ராமேஸ்வரத்துல இருக்கேன். எங்க அம்மா புயலைப் பார்த்த ஆளு. பக்கத்துல உட்காரவச்சு இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். மதுரை அண்ணன் எழுதினதுல ஒரு இடத்துல "நிறுத்து" னு சொல்லிருச்சு. தண்ணீர் நிலைத்துவிட்டதுன்னு எழுதியிருக்கீங்கள்ல, அது அப்படி இல்லையாம். அம்மா சொன்னதை எழுதுறேன்.

புயலப்ப அம்மாவுக்குப் பதினோரு வயசு. ராத்திரி வாடை பேயா அடிச்சிருக்கு. தாத்தா கடலோட மொகத்தைப் பார்த்தே, அது ஏறப்போகுதுன்னு சொல்லிட்டாராம். புள்ளைகளைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் பெரிய மணல்மேட்டுக்குப் போயிருக்காங்க. விடிஞ்சு பார்த்தா ஊரே இல்ல. எங்கே பார்த்தாலும் தண்ணி. ஆனா வாயில ஊத்த ஒரு பொட்டு தண்ணி கிடையாது. வழக்கமா எடுக்கிற ஊத்து இருந்த இடமே தெரியல. தாத்தா கையால நோண்டிப் பார்த்திருக்கார். உப்பு. இன்னொரு இடம், உப்பு. மூணு நாள். என் சின்ன மாமா அதுலதான் போச்சு. அலையில போகல, தாகத்துல போச்சு. அம்மா இதை ரொம்ப வருஷம் எங்ககிட்ட சொன்னதே இல்ல.

அப்புறம் எல்லாரையும் ராமேஸ்வரத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. ஊரு அவ்வளவுதான், யாரும் போகக்கூடாதுன்னாங்க. ஆனா கரைவலை இழுக்கிறவனுக்குக் கரை அங்கதானே இருக்கு. கொஞ்ச நாள்ல ஆம்பளைங்க ஓலைக் குடிசை போட்டுட்டாங்க. குடிதண்ணியைக் குடத்துல கட்டித் தூக்கிட்டுப் போகணும். ஆத்தா, அதாவது அம்மாவோட அம்மா, கூடப் போறப்பல்லாம் மணலைத் தோண்டி நாக்குல வச்சுப் பார்க்குமாம். சவர். மழைக்கு அப்புறம் போய்த் தோண்டுமாம். கொஞ்சம் சவர் குறைஞ்சிருக்கும். மறுபடி கோடையில கூடிரும். இப்படியே தோண்டித் தோண்டிப் பார்த்திருக்கு.

ஆத்தாவுக்குக் கணக்கு ஒண்ணுதான். துவரம்பருப்பு வேகுதா? சவர்த்தண்ணியில பருப்பு எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வேகாது, கொட்டை கொட்டையா நிக்கும். ஒரு மார்கழியில அந்த ஊத்துத் தண்ணியில பருப்பு குழைஞ்சு வெந்திருக்கு. ஆத்தா சட்டியோட தூக்கிட்டு ஒவ்வொரு குடிசையாப் போய்க் காட்டுச்சாம். பத்துப் பதினஞ்சு குடிசை இருந்திருக்கும். அன்னிக்குத்தான் ஊரு திரும்பி வந்துச்சுன்னு அம்மா சொல்லுது.

அதனால, ஊத்து புயலுக்குத் தப்பல அண்ணே. ஊத்தும் செத்துத்தான் போச்சு. மழை பெஞ்சு பெஞ்சு கழுவிக் கொடுத்துச்சு, பொம்பளைங்க தோண்டித் தோண்டி எடுத்தாங்க. இப்பவும் காத்து மணலைக் கொண்டாந்து மூடிரும். மூடினா கொஞ்சம் தள்ளி வேற இடம் தோண்டுவோம். நீங்க குடிச்ச பள்ளம் போன வருஷம் அங்க இருந்திருக்காது.

"ஆழமாத் தோண்டாத, கீழ கடல் இருக்கு" ன்னு ஆத்தா சொல்லும். அந்த மாணவித் தங்கச்சி எழுதினதைப் படிச்சப்ப அம்மா சிரிச்சுச்சு.

மதுரைப் பயணி
ஞாயிறு, காலை 6:20

அக்கா, இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நான் எழுதியது தவறு. மேலே இருக்கும் பதிவைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன். வருகிறவர்கள் என் வரியையும் படிக்கட்டும், அதற்குக் கீழே உங்கள் அம்மா சொன்னதையும் படிக்கட்டும். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீரியல் மாணவி
ஞாயிறு, காலை 8:05

அக்கா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்.

அம்மா சொன்னது ஒவ்வொரு வரியும் உண்மை. கடல் ஏறி நிலத்தை மூடினால், உப்புநீர் மேலிருந்து நேராக மணலுக்குள் இறங்கும். அது கனமானது என்பதால் மிதக்கும் நல்ல தண்ணீரைக் கலக்கிக்கொண்டே கீழே போகும். படலம் சிதறிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மழையும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். மழைக்கு அப்புறம் சவர் குறையும், கோடையில் கூடும் என்று ஆத்தா நாக்கால் கண்டதை நாங்கள் கருவி வைத்து அளக்கிறோம். மணல் நிலம் என்பதால் மழை சீக்கிரம் இறங்கியிருக்கும். களிமண்ணாக இருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் உப்பாகின. சுத்தம் செய்கிறோம் என்று நல்ல மனதோடு மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அதனாலேயே அடியில் இருந்த உப்பு மேலே ஏறியது. பிறகுதான், குப்பையையும் சேற்றையும் எடுப்பதற்காக ஒரு முறை இறைத்தால் போதும், மீதியை மழைக்கு விட்டுவிடுங்கள் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். பொறுமையாகக் காத்திருந்து, மேலாகவே அள்ளிய ஆத்தா அந்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு ஒன்று. உங்கள் கிணறு சவரானதற்கும் இதே கணக்குதான். பக்கத்து மோட்டார் நின்று, நாலைந்து நல்ல பருவமழை கிடைத்தால் அது திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஆனால் மோட்டார் நிற்க வேண்டும்.

தங்கச்சிமடத்துக்காரன்
ஞாயிறு, காலை 8:40

கிராமசபையில இதை எழுத்தா வைக்கலாம்னு இருக்கேன். நீங்க மேல எழுதின கணக்கை ஒரு பக்கத்துல எளிமையா எழுதித் தர முடியுமா தங்கச்சி? அந்த நாற்பது அடி விஷயம் கண்டிப்பா இருக்கணும்.

நீரியல் மாணவி
ஞாயிறு, காலை 8:44

இன்று இரவுக்குள் எழுதி அனுப்புகிறேன் அண்ணே. படமும் வரைந்து தருகிறேன்.

வார இறுதி ரைடர்
ஞாயிறு, காலை 11:30

நேற்று லிங்க் கேட்டவன் நான்தான். எல்லாவற்றையும் படித்த பிறகு, அங்கே போய்த் தண்ணீர் கேட்பதே சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எட்டுப் பேர் போய் நின்றால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லையா? எங்களுக்கு வேண்டிய தண்ணீரை நாங்களே கொண்டுபோவதுதானே நியாயம்?

போட்மெயில் பிரியர்
ஞாயிறு, மதியம் 12:10

கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெரிய கடை எதுவும் கிடையாது. 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு கூட்டம் பல மடங்காகிவிட்டது. முன்பு மணலில் வேன் பிடித்து, குலுங்கிக் குலுங்கிப் போவோம். போனவர்கள் குறைவு, விட்டுவந்த குப்பையும் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். போகும் வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்குங்கள். அந்தப் புயலில் நின்ற கட்டடம் அது. இன்னொன்று, இடிபாடுகளிலிருந்து பவளக்கல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது யாரோ ஒருவரின் வீட்டுச் சுவர்.

கம்பிப்பாட்டு மகள்
ஞாயிறு, மதியம் 2:15

தம்பி, நீ நல்லா வா. தாகம்னு வந்தவங்களுக்கு எங்க சனம் இல்லேன்னு சொன்னதே கிடையாது. தாகத்தைப் பார்த்த சனம் அது. ஆனா பாட்டில்ல ரொப்பிக்கிட்டுப் போகாத. ஊத்துக்குப் பக்கத்துல செருப்போட நிக்காத. கால் கழுவாத. போன மாசம் ஒரு கும்பல் கடல்ல குளிச்சிட்டு வந்து, உப்பு ஒடம்பை அந்தப் பள்ளத்துல கழுவிட்டுப் போயிருக்கு. அதை இறைச்சுக் கொட்டிட்டு ரெண்டு நாள் காத்திருந்துச்சு எங்க சித்தி. காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டுப் போ. காத்து அதையெல்லாம் ஊத்துக்குள்ளதான் கொண்டாந்து தள்ளும்.

வார இறுதி ரைடர்
ஞாயிறு, மதியம் 2:31

சரி அக்கா. சாக்கு இரண்டு கொண்டு வருகிறோம். திரும்பும்போது கிடக்கிற பாட்டிலையும் பொறுக்கிக்கொண்டு வருகிறோம்.

மதுரைப் பயணி
ஞாயிறு, மாலை 4:00

அக்கா, ஒன்று கேட்கலாமா? அம்மா இப்போதும் அங்கே போவார்களா? ராமேஸ்வரத்தில் குழாய்த் தண்ணீர் வருகிறதே.

கம்பிப்பாட்டு மகள்
ஞாயிறு, மாலை 6:35

குழாயில காவிரித் தண்ணி வருது, நல்ல தண்ணிதான். குடிக்கிறதுக்கு அம்மா அதைத்தான் குடிக்கும். ஆனா டிசம்பர் 23 அன்னிக்கு மட்டும் அந்தத் தண்ணியில உலை வைக்காது. முதல் நாளே தம்பியை அனுப்பி, ஊத்துலேர்ந்து ஒரு குடம் கொண்டாரச் சொல்லும். முட்டி வலி வந்த பிறகு ரெண்டு வருஷமா அதுவே போகல. இந்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

நீங்களும் அன்னிக்கு வர்றதா இருந்தா வாங்க, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. மாணவித் தங்கச்சியும் வரட்டும்னு அம்மா சொல்லுது. தண்ணி கொண்டுவர வேணாமாம். துவரம்பருப்பு ஒரு கிலோ வாங்கிட்டு வரணுமாம். அங்கேயே அடுப்பு மூட்டி வேகவச்சுப் பார்க்கலாமாம்.